சென்ற வாரம் வேலை செய்தீர்களா?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால் பூம்பாறை என்னும் மலைச் சிற்றூரை அடையலாம். குழந்தை வேலப்பர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் இது. ஊரைச் சுற்றிலும் மலைச் சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட தோட்டங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் முதலியவை விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை நீங்கள் அறிந்திருக்கலாம்.

பூண்டுச் சாகுபடியில் எல்லா நாளும் ஒரே அளவு வேலை இராது. நிலத்தைக் கொத்திப் பண்படுத்தும்போதும், பூண்டுப் பல்லை ஒவ்வொன்றாக ஊன்றும்போதும், அறுவடையின்போதும் ஆள் கிடைப்பது அரிது. நடவுக்கும் அறுவடைக்கும் இடையே சுமார் நான்கு மாதங்கள். அக்காலத்தில் களை எடுக்கும் சில நாள்களைத் தவிர்த்தால் கூலிக்குச் செல்வோருக்கு வேலை குறைவு. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? எளிய கேள்வி போலத் தோன்றுகிறது. ஆனால் இதற்கு விடை காண உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் முயன்றிருக்கிறது. அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

எண்ணத் தொடங்கிய கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1870-களில் தொழில் மந்தம் ஏற்பட்டது. வேலையற்றோர் இரண்டு மூன்று லட்சம் பேர் என்று பேசிக்கொண்டார்கள். மாநிலத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் தலைவராக இருந்த காரல் ரைட், 1878-இல் அவர்களை எண்ணச் செய்தார். கிடைத்த எண்ணிக்கை ஏறத்தாழ 22,000 மட்டுமே! மற்றவர்கள் எங்கே போனார்கள்? எண்ணுவதற்கு அவர் வகுத்த வரையறையில்தான் விடை இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில், உண்மையிலேயே வேலை வேண்டும் என்று விரும்புவோர் மட்டுமே அந்த எண்ணிக்கையில் சேர்ந்தனர். யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை அமையும் என்பது இக்கதை தரும் முதல் பாடம்.

1930-களின் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் வேலை இழந்தோர் எத்தனை பேர் என்று திட்டமாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. அதன் விளைவாக 1940-இல், ஒவ்வொரு மாதமும் நாடு முழுவதிலிருந்தும் சில குடும்பங்களை மாதிரியாகத் தேர்ந்து வினவும் முறை அங்கே தொடங்கியது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி அன்றோ? சோற்றைக் கிளறி எடுத்துப் பார்ப்பதுபோல, எல்லாப் பகுதியினரும் இடம்பெறும் வகையில் முறையாகத் தேர்ந்தால், சிறு மாதிரியே பெரும் நாட்டின் நிலையைக் காட்டும். இதுவே மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படை.

தமிழகத்தில் மாணவர்கள் செய்த ஆய்வு

நம் நாட்டிலும் இம்முயற்சி பழமையானதே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, நெல்லைச் சீமைக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி முதலிய ஊர்களின் நிலம், கூலி, கடன் பற்றிய செய்திகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. இருபது ஆண்டுகள் கழித்து அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தார்கள். ஒரே ஊரை ஒரே கேள்விகளுடன் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் மாற்றம் புலப்படும்.

நாடு விடுதலை பெற்றபின், 1950–51-இல் முதல் வேளாண் தொழிலாளர் விசாரணை நடந்தது. ஒருநாள் கூலி, இன்றைய காசுக் கணக்கில், ஆணுக்குச் சராசரியாக 1 ரூபாய் 9 காசு. பெண்ணுக்கு 68 காசு. அன்றாடக் கூலிக்குச் செல்லும் ஆண் ஒருவருக்கு ஆண்டில் ஏறத்தாழ 200 நாள்களே கூலி வேலை கிடைத்தது.

ஆண்டு, வாரம், நாள்

பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1955-இல் அதன் ஒன்பதாம் சுற்றில் வேலைவாய்ப்பு ஆராயப்பட்டது. ஆனால் மேலைநாட்டு வரையறை நம் ஊருக்குப் பொருந்தவில்லை. ஆலையில் வேலை செய்பவர் நீக்கப்பட்டால் அவர் வேலையற்றவர் என்பது தெளிவு. காலையில் சொந்தத் தோட்டத்திலும், பிற்பகலில் பிறர் தோட்டத்திலும் உழைத்து, மறுநாள் வீட்டில் இருப்பவரை என்னவென்று சொல்வது?

இச்சிக்கலை ஆராய 1968-இல் எம். எல். தாந்த்வாலா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1970-இல் வந்த அதன் அறிக்கை, வேலையின்மையை ஒரே ஓர் எண்ணால் சொல்வது இந்தியாவுக்குப் பொருந்தாது என்றது. இதன்பின் 1972–73-இல் மூன்று அளவுகோல்கள் கையாளப்பட்டன. முதலாவது, ஓர் ஆண்டில் வழக்கமாக என்ன செய்தார் என்பது. இரண்டாவது, கடந்த ஏழு நாள்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்பது. மூன்றாவது, அந்த ஏழு நாள்களையும் 14 அரைநாள்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் என்ன செய்தார் என்பது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். பூம்பாறையில் கூலிக்குச் செல்லும் ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். திங்களும் செவ்வாயும் முழுநாள் களை எடுத்தார். புதன் காலை மழை. பிற்பகலில் மூன்று மணி நேரம் மட்டும் வேலை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலைக்கு வரத் தயாராக இருந்தார், எவரும் அழைக்கவில்லை. ஞாயிறு ஓய்வு.

ஆண்டுக் கணக்கில் இவர் வேலையுள்ளவர். வாரக் கணக்கிலும் அப்படியே. அரைநாள் கணக்கில் பாருங்கள். வேலை செய்தவை 5, வேலை வேண்டியும் கிடைக்காதவை 7, ஓய்வு 2. உழைக்க முன்வந்த 12 அரைநாள்களில் 7 வீணாயின! கையில் கிடைத்ததோ இரண்டரை நாள் கூலி. முதல் இரண்டு அளவுகோல்களிலும் அவருடைய துன்பத்திற்கு இடமே இல்லை.

நாட்டின் கணக்கிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 2004–05 கணக்கெடுப்பில் ஆண்டு அளவுகோல்படி வேலையின்மை 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். வார அளவுகோல்படி 4-க்கு மேல். நாள் அளவுகோல்படி 8-க்கு மேல். மூன்றும் உண்மையே. கேட்ட கேள்விதான் வேறு.

மாதந்தோறும் வரும் எண்

ஐந்தாண்டுக்கு ஒரு முறை கிடைத்த செய்தி விரைந்து மாறும் காலத்திற்குப் போதவில்லை. எனவே 2017 ஏப்ரலில் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு தொடங்கப்பட்டது. 2025 ஜனவரியில் அது மாதக் கணக்கெடுப்பாகத் திருத்தி அமைக்கப்பட்டு, முதல் மாத அறிக்கை அவ்வாண்டு மே 15-இல் வெளியாயிற்று. சுமார் 89,000 குடும்பங்களைச் சேர்ந்த 3,80,000 பேரிடம் பெற்ற செய்திகளின்படி, ஏப்ரல் மாத வேலையின்மை 5.1 விழுக்காடு. இது வார அளவுகோலின்படி கணக்கிட்டது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

மாத எண்ணைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். சென்ற மாதத்தைவிட வேலையின்மை கூடியது என்றால் உடனே நாடு நலிந்தது என்று பொருள் அல்ல, அறுவடை முடிந்திருக்கலாம். அதனால் ஓர் ஆண்டின் ஏப்ரலை முந்திய ஆண்டின் ஏப்ரலுடன் ஒப்பிடுவதே முறை. பருவத்தின் விளைவைக் கணித்து நீக்குவதற்குப் பல ஆண்டுகளின் மாத விவரங்கள் தேவை. வேலையுள்ளோர் கூடினர் என்றாலும் கூலி பெற்றோர் கூடினர் என்று கொள்ளலாகாது. குடும்பத் தோட்டத்தில் ஊதியமின்றி உழைக்கும் பெண்களும் வேலையுள்ளோர் வரிசையிலேயே வருகிறார்கள்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். 1946-இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் பணியகம், உழவு, களையெடுப்பு, அறுவடை போன்ற வேலைகளுக்கான ஊரகக் கூலியை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே மாதந்தோறும் திரட்டுகிறது. வேளாண் தொழிலாளர் வாங்கும் பொருள்களின் விலைக் குறியீட்டையும் வெளியிடுகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 400 ரூபாய்க் கூலி 420 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் விலைகள் 100-லிருந்து 108 ஆனால், புதிய கூலியின் வாங்கும் ஆற்றல் பழைய 389 ரூபாய்தான். கூலி உயர்ந்தது; ஆனால் உலையில் இடும் அரிசி குறைந்தது.

நீங்களும் எண்ணிப் பாருங்கள்

நாட்டுக்கான மாதிரிக் கணக்கில் பூம்பாறை போன்ற ஒரு தனி ஊரின் நிலை தெரியாது. அதற்காக அது வகுக்கப்பட்டதும் அன்று. ஆனால் உங்கள் ஊரின் கணக்கை நீங்களே எடுக்கலாம். 1916-இல் அதைச் செய்தவர்களும் மாணவர்களே. ஒரு குறிப்பேட்டில் ஏழு நாள்களுக்கு 14 கட்டங்கள் வரையுங்கள். கூலி வேலைக்குச் செல்லும் ஒருவரிடம் அனுமதி பெற்று, ஒவ்வொரு கட்டத்திலும் வேலையா, வேலை இல்லையா, ஓய்வா என்று குறியுங்கள். கிடைத்த கூலியையும் எழுதுங்கள். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் தொடருங்கள்.

அதன்பின் நாளிதழில் வேலையின்மை விழுக்காட்டைக் காணும்போது, அது கூடியதா குறைந்ததா என்பதற்கு முன்பாக, என்ன கேள்வி கேட்டு அந்த எண்ணைப் பெற்றார்கள் என்று உங்கள் மனம் வினவும். அவ்வினாவே புள்ளியியல் அறிவின் தொடக்கம்.