கோல்பேயின் கலமும் நயாகராவின் கழிவும்

சேதன மாசுகளிலிருந்து குளோரீனை மின்னால் நீக்கும் முறை இன்று புதுமையாகப் பேசப்படுகின்றது. அதன் வேர் பழையது. ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஹேர்மன் கோல்பே 1845இல் காபனிருசல்பைட்டிலிருந்து தொடங்கி முக்குளோரோ அசற்றிக்கமிலத்தை ஆக்கினார். பின்னர் மின்பகுப்பினால் அதன் மூன்று குளோரீன் அணுக்களையும் நீக்கி அசற்றிக்கமிலத்தைப் பெற்றார். அசேதனப் பொருளிலிருந்து சேதனப் பொருளை ஆக்கிய சாதனையாகவே அது நினைவுகூரப்படுகின்றது. அச்சோதனையின் இறுதிப் படி குளோரீன் நீக்கம் என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியது. கதோட்டிலே சேர்வை இலத்திரனைப் பெற, காபன் - குளோரீன் பிணைப்பு முறிகின்றது; குளோரீன் குளோரைட்டு அயனாகக் கரைசலிற் செல்ல, அதனிடத்தை ஐதரசன் பெறுகின்றது. குளோரைட்டு நாம் உண்ணும் உப்பின் கூறேயாகும்.

தொழிற்றுறையோ எதிர்த்திசையிற் சென்றது. 1890களிலிருந்து உப்புநீரை மின்பகுத்து எரிசோடா பெருமளவில் உற்பத்தியாயிற்று. (ஆனையிறவு உப்பைக்கொண்டு பரந்தன் தொழிற்சாலை பின்னாளிற் செய்ததும் இதுவே.) எரிசோடாவுடன் குளோரீனும் பிறந்தே தீரும், அதற்கும் சந்தை தேடவேண்டியிருந்தது. குளோரீனேற்றிய கரைப்பான்களும் பூச்சிகொல்லிகளும் பெருகியமைக்கு இது ஒரு முக்கிய காரணம்.

மலிவான நீர்மின்சாரம் இத்தொழிலை நயாகராவுக்கு ஈர்த்தது. அங்கு வில்லியம் லவ் என்பவர் மின்னுற்பத்திக்கென 1890களில் வெட்டத் தொடங்கிக் கைவிட்ட கால்வாயில், 1942 முதல் 1953 வரை ஹூக்கர் மின்னிரசாயனக் கொம்பனி ஏறத்தாழ 20,000 தொன் கழிவைப் புதைத்தது. லிண்டேன் உற்பத்தியின் எச்சமும் அதிலடங்கும். 1953இல் அந்நிலம் ஒரு டொலருக்குக் கல்விச் சபையிடம் கைமாறியது; பாடசாலை எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. லோயிஸ் கிப்ஸ் முதலிய குடியிருப்பாளர் போராடினர். 1978இல் அவசரநிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

கோல்பேயின் கலம் லிண்டேனை அழித்திருக்கும் என்று நாம் வாதிடவில்லை. நீக்கும் வழியை வளர்த்தெடுக்க இலாபநோக்குக்குத் தேவை எழவில்லை என்பதே நமது கருத்து. 2021இல் சூரிச்சில் பில் மொராண்டி குழுவினர் மின்கலத்தில் லிண்டேனின் குளோரீனை வேறொரு சேர்வைக்கு மாற்றி, பென்சீனை மீட்டுக் காட்டினர். ஆய்வுகூடத்துக்கு வெளியே இடர்கள் பல: நிலத்தடி நீரில் மாசின் செறிவு சொற்பம், மின்செலவு அதிகம், அனோட்டிலே குளோரைட்டு மீண்டும் குளோரீனாகிப் புதிய நச்சுச் சேர்வைகளையும் தோற்றுவிக்கலாம்.

லவ் கால்வாயின் கழிவு இன்னும் அங்கேயே களிமண் மூடலின்கீழ்க் கிடக்கின்றது. கசியும் நீர் மாத்திரம் இறைத்துச் சுத்திகரிக்கப்படுகின்றது.