அலிகர் கற்கள் சொல்லும் வரலாறு

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், ஆட்சியையும் செல்வாக்கையும் இழந்த வட இந்திய முஸ்லிம்களுள் பலர் ஆங்கிலக் கல்வியை அஞ்சி ஒதுங்கி நின்றனர். ஸர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள் 1869இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கல்விமுறையைக் கண்டு திரும்பினார்கள். 1875 மே 24 அன்று அலிகர் என்னும் சிறு நகரில் ‘மத்ரஸத்துல் உலூம்’ தொடங்கப்பெற்றது.

பழைய படைமுகாம் நிலத்தில், 1877 ஜனவரி 8 அன்று வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். ஸ்டிராச்சி மண்டபம், மாணவர் விடுதிகள், ஜும்ஆ பள்ளிவாசல் ஆகியவை படிப்படியாக எழுந்தன. பொருள் திரட்ட அவர்கள் குலுக்குச்சீட்டு நடத்தினார்கள். பொருட்காட்சி மேடையேறிக் கவிதை பாடியும் கையேந்தினார்கள். கொடையளித்தோர் பெயர்கள் கற்களில் பொறிக்கப்பெற்றன. அவற்றுள் இந்துப் பெருமக்களின் பெயர்களும் உண்டு. அக்கல்லூரியின் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்னும் இந்து மாணவரே.

நாம் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. அன்று அவர்களுக்கு எதிராக ஃபத்வா வழங்கியோர் நம் போன்ற ஆலிம்களே. அவர்களின் மார்க்கக் கருத்துகள் சிலவற்றை நாமும் ஏற்பதில்லை. எனினும், அக்கருத்துகளை மாணவர்மீது திணியாமல், மார்க்கப் பாடத்தை அவர்கள் உலமாக்களிடமே ஒப்படைத்தார்கள். பின்னாளில் தேவ்பந்து மரபினரான மௌலானா அப்துல்லாஹ் அன்ஸாரி அவர்களே அங்கு தீனியாத் பொறுப்பை ஏற்றார்கள்.

1898இல் மறைந்த ஸர் ஸையித், தாம் எழுப்பிய பள்ளிவாசலின் அருகிலேயே அடங்கியுள்ளார்கள். 1920இல் அக்கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்காகப் பிள்ளைகளின் கல்வி வாசலை நாம் அடைத்துவிடலாகாது. அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக!