நெமிலிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பியிடம், "துறைமுகப் பாதுகாப்பு பற்றி எழுதட்டுமா?" என்றேன். "நெமிலிக்காரருக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். நம்மூரிலிருந்து கடலைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டும். ஆனால் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். சரக்கு கப்பலேறி வெளிநாட்டுப் பார்ட்டி கைக்குப் போய்ச் சேரும்வரை தூக்கம் வராது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நம் பக்கத்துச் சரக்குக்குக் கடற்கரை அன்றே கிட்டத்தில் வந்துவிட்டது. ஆனால் அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோக வேண்டும். நனைந்தது பாதி, காணாமல் போனது மீதி என்று வியாபாரிகள் புலம்பிய காலம். 1861-ல் இரும்புப் பாலம் வந்தது. பிறகு கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவரை 1881 புயல் உடைத்துப் போட்டது. முதல் எதிரி இயற்கைதான்.

மனித எதிரி வந்தது 1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. சண்டை நடக்கும் காலத்திலும் நகரம் விளக்கேற்றிக்கொண்டு அசட்டையாக இருந்ததுதான் அவர்களுக்கு வசதி. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அன்றுமுதல் கில்லாடியை நாம் 'எம்டன்' என்கிறோம்!

1983-ல் சென்னையில் கன்டெய்னர் முனையம் திறந்ததும் எங்கள் வேலையே மாறிப்போனது. தொழிற்சாலையிலேயே சரக்கை அடுக்கி, அதிகாரி முன்னிலையில் கதவைப் பூட்டி, எண் போட்ட சீல் வைப்பார்கள். பாதுகாப்பின் உயிரே அந்தச் சின்ன எண்தான். இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒருமுறை, ஜெர்மனி போய்ச் சேர்ந்த கன்டெய்னரில் 18 அட்டைப்பெட்டி குறைவு என்று தந்தி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ராத்திரி வண்டியை நிறுத்தித் தூங்கிய லாரி டிரைவர் மேல்தான் என் சந்தேகம். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் வேலை போயிற்று. இரண்டு மாதம் கழித்து எங்கள் குடோனிலேயே, வேறொரு ஆர்டருக்குப் பின்னால், அந்த 18 பெட்டியும் கிடைத்தன. ஜெர்மனியில் சீல் உடையாமல், எண் மாறாமல் இருந்தது என்று அதே தந்தியிலேயே எழுதியிருந்தார்கள். பூட்டிய பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நம்பரைப் பார்த்திருக்கலாமே சார்" என்று மட்டும் சொன்னார். மறுபடி அவர் எங்கள் கேட்டுக்குள் வரவில்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உலக நாடுகள் சேர்ந்து, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகளை 2004 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கின. எல்லாத் துறைமுகத்திலும் பொறுப்பதிகாரி, மூன்று நிலை எச்சரிக்கை, உள்ளே போகிறவருக்கெல்லாம் பாஸ். 2008-ல் மும்பைக்குப் பயங்கரவாதிகள் மீன்பிடிப் படகில் வந்ததும், வாசலைக் காத்தால் போதாது, கரை முழுவதையும் காக்க வேண்டும் என்று புரிந்தது. ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்பதுமில்லை. 2020-ல் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், மணலியில் சுங்கத்துறை பறிமுதல் செய்து பல வருஷமாக வைத்திருந்த ஏறக்குறைய 700 டன் அமோனியம் நைட்ரேட் நினைவுக்கு வந்து, அவசரமாக ஐதராபாத்துக்குப் போயிற்று. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. எங்கோ கடலில் குண்டு, ஆம்பூரில் டெலிவரி தேதி தவறுகிறது!

சரி, நெமிலிக்கு வருவோம். நம் பக்கத்து அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது. 2013 முதல் அங்கிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்கள் இந்தியப் பெருங்கடலையே கண்காணிக்கின்றன. துறைமுக வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி நிலையம் தக்கோலத்தில். 949-ல் ராஜாதித்த சோழன் போரில் விழுந்த அதே தக்கோலம். 2025-ல் அந்த நிலையத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள். கடல் நம்மிடம் இல்லை. காவல் நம்மிடம் இருக்கிறது.

விமானச் சத்தம் கேட்டுப் பேரப்பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடும்போது எனக்கு அந்த டிரைவர் ஞாபகம் வருவார். காவல் என்பது எல்லோரையும் சந்தேகப்படுவது அல்ல. முதலில் நம்பரைப் பார்ப்பது. இதைக் கற்றுக்கொள்ள நான் இன்னொருவர் பிழைப்பை விலையாகக் கொடுத்தேன். இளைய நண்பர்கள் இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு விழாவில் பார்ப்போம்.