தாம்பூலத்தில் யார் குற்றவாளி? வாய்ப்புற்றுநோயின் காரணம் தேடிய வரலாறு

1859-இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலில் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் ஒரு செய்தியைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். கொழும்பில் மருத்துவம் பார்த்த டாக்டர் எலியட், கன்னத்தின் உட்புறத்தில் வரும் ஒருவகைப் புற்றைச் சிலரிடம் கண்டு, அதற்கு 'வெற்றிலை மெல்பவர் புற்று' என்றே பெயர் வைத்திருந்தாராம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று, லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தீர்மானித்தது 2003-இல். இரண்டுக்கும் நடுவே 144 ஆண்டுகள். இந்தத் தாமதத்துக்கு மருத்துவ உலகின் அலட்சியம் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் நாட்டில் தாம்பூலம் போட்ட விதமே பாக்கை விசாரணைக்கு வெளியே நிறுத்திவைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாம்பூலம் பழையது. கோவலனுக்கு உணவிட்டபின் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் கொடுப்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. புகையிலையோ போர்ச்சுகீசியர் வந்த பிறகே இங்கு நுழைந்தது. நுழைந்ததும் வேகமாகப் பரவியது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு டச்சுக்காரர் காலத்திலிருந்தே திருவிதாங்கூர் பெரிய சந்தையாக இருந்தது. வாய்ப்புற்று கொத்துக்கொத்தாகக் கணக்கெடுக்கப்பட்ட இடமும் அதே திருவிதாங்கூர்தான்.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இயங்கியது. 1902-இல் சென்னையிலிருந்து நிப்லாக் என்ற மருத்துவர் இந்தியப் புற்றுநோய்கள் பற்றி எழுதியிருந்தார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1908-இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நெய்யூர் அனுபவம் இரண்டு கட்டுரைகளாக வந்தது. ஃபெல்ஸ் 209 வாய்ப்புற்று அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்திருந்தார். பென்டால் 1,700 புற்றுநோயாளிகளின் தொகுப்பைத் தந்தார். ஒரு சிற்றூர் மருத்துவமனையில் சேர்ந்த எண்ணிக்கை இது. 1933-இல் ஐ. எம். ஆர் (Orr) என்ற மருத்துவர் திருவிதாங்கூரில் தாம்பூலம் மெல்பவர்களின் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் விரிவாக எழுதினார். அந்த ஏழை நோயாளிகளின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஆனால் வாய்ப்புற்றைப் பற்றி உலகம் பின்னால் அறிந்துகொண்டதற்கெல்லாம் அவர்களின் உடல்களே அடித்தளம்.

அந்த மருத்துவர்கள் கண்டதைப் புரிந்துகொள்ள, தாம்பூலம் போடுவதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். காம்பு கிள்ளிய வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவி, சீவலோ கொட்டைப்பாக்கோ வைத்து மடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். சாறு ஊறியதும் ஒரு துண்டுப் புகையிலையைக் கிள்ளிச் சேர்த்து, உருண்டையாக்கிக் கொடுப்பில் அடக்கிக்கொள்வார்கள். சிலர் அதை அதக்கியபடியே தூங்கியும்விடுவார்கள். மேற்கு நாடுகளில் புகையும் மதுவும் உண்டாக்கும் வாய்ப்புற்று பெரும்பாலும் நாக்கிலும் நாக்கின் அடியிலும் வரும். இங்கே கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே, உருண்டை தங்கும் பள்ளத்தில் வந்தது. நோய் வந்த இடமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் அந்த உருண்டையில் நான்கு பொருள்கள் இருந்தன. அவற்றில் எது குற்றவாளி?

1950-களில் புள்ளியியல் துணைக்கு வந்தது. மும்பையில் சாங்வி, ராவ், கானோல்கர் மூவரும் 1955-இல் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, புகையிலை மெல்வதையும் புகைப்பதையும் மேல் உணவுப்பாதைப் புற்றோடு இணைத்தார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1959-இலும் 1963-இலும் தங்கள் ஆய்வுகளை வெளியிட்டார்கள். பழி உறுதியாகப் புகையிலை மேல் விழுந்தது. அது சரியான பழியே. புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள் கொடிய புற்றூக்கிகள் என்பதைப் பின்னர் வேதியியலும் காட்டியது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நம் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பாக்கையும் புகையிலையையும் சேர்த்தே மென்றவர்கள். இரண்டும் எப்போதும் கைகோத்தே வரும்போது ஒன்றின் தீமையை மற்றதிலிருந்து பிரித்தறிய எந்தக் கணக்காலும் முடியாது. புகையிலை இல்லாமல் மெல்பவர் போதிய எண்ணிக்கையில் வேண்டும். அதனால்தான் 1985-இல் லியோன் முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலத்துக்குச் சான்று போதுமானது என்றும், சேராத தாம்பூலத்துக்குப் போதாது என்றும் சொன்னது. அன்றைய தரவுக்கு அது நேர்மையான முடிவு. ஆனால் 'புகையிலை இல்லையென்றால் தீங்கில்லை' என்று மக்கள் அதைப் புரிந்துகொண்டது பெருந்தீமையாக முடிந்தது.

விடுபட்ட சான்று கடல் கடந்து வந்தது. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம், வாயின் உட்சவ்வு இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோயை ஷ்வார்ட்ஸ் விவரித்தார். மறு ஆண்டு மும்பையில் ஜோஷியும் அதைப் பதிவு செய்தார். புற்றாக மாறக்கூடிய அந்த நாரிறுக்க நோய்க்குப் பாக்கே முதன்மைக் காரணம் என்பது மெல்லத் தெளிவானது. 1860 முதல் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தோர் தென்னாப்பிரிக்காவின் நடாலில் வாழ்ந்தார்கள். அவர்களில், குறிப்பாகப் பெண்களிடம், புகையிலை இல்லாமல் பாக்கு மெல்லும் வழக்கம் நிலைத்திருந்தது. ஷான்லாண்டும் பிராட்ஷாவும் 1969-இலும், வான் விக் குழுவினர் 1993-இலும் அவர்களிடம் செய்த ஆய்வுகள் இந்த வழக்கில் முக்கியச் சாட்சிகள். தாம்பூலத்தில் புகையிலையே சேர்க்காத தைவானிலிருந்தும் வலுவான தரவு வந்தது. இவை எல்லாம் சேர்ந்தே 2003-இன் தீர்ப்பைச் சாத்தியமாக்கின.

ஆய்வகமும் ஒத்துப்போனது. பாக்கில் உள்ள அரிகோலின் முதலிய ஆல்கலாய்டுகள் வாயிலேயே நைட்ரோசமைன்களாக மாறக்கூடியவை. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கின் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மரபணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை விடுவிக்கின்றன. நாவைச் சிவக்கவைப்பதும் கிட்டத்தட்ட இதே வினைதான். பாக்கில் மிகுந்துள்ள தாமிரம் நாரிறுக்கத்துக்குத் துணைபோகிறது. எலியட் பெயரில் ஏற்றிய வெற்றிலைக்கு எதிராகத்தான் சான்று மிகக் குறைவு. அதன் சாறு மரபணுச் சேதத்தைக் குறைப்பதாகவே சில ஆய்வகச் சோதனைகள் காட்டின.

குட்காவையும் புகையிலை கலந்த பாக்குப் பொருள்களையும் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது. வெறும் பாக்கு அந்தத் தடைக்குள் வராது. பொட்டலப் பாக்கில் எச்சரிக்கை வாசகம் அச்சிட விதி உண்டு. தட்டில் வைத்து நீட்டும் சீவலுக்கு அதுவும் இல்லை. பாக்கைத் தடை செய்யச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் அதன் தீமையை மக்களுக்குச் சொல்லாமலிருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

திருவனந்தபுரம் வட்டாரத்தில் சங்கரநாராயணன் குழுவினர் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது. அத்தகைய பரிசோதனை நம் ஊர்களிலும் தொடர்ந்து நடக்க வேண்டும். அப்போது பணியாளர் கையிலுள்ள கேள்வித்தாளில், புகையிலை உண்டா என்பதோடு பாக்கு மட்டும் போடுவதுண்டா என்ற கேள்வியும் தனியாக இருக்க வேண்டும்.