அடுப்படிக்கும் வேண்டும் வார விடுமுறை

மும்பை பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எளிதில் கிடைத்துவிடவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் நடத்திய போராட்டத்தின் பயனாக 1890-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினர். அடுத்த அரை நூற்றாண்டில் இந்த உரிமை மெல்ல மெல்லப் பிற தொழில்களுக்கும் பரவியது. 1942-ஆம் ஆண்டின் வார விடுமுறைச் சட்டம் கடைகள், உணவகங்கள், திரையரங்குகள் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வளிக்க வகைசெய்தது. உணவகத் தொழிலாளர்களுக்கெனவே 1958-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டமும் வார விடுமுறையை உறுதிசெய்தது.

ஆக, உணவகத்தில் சாம்பார் வைப்பவருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு சட்டப்படியான உரிமை. அதே சாம்பாரை வீட்டில் ஆண்டுக்கு 365 நாள்களும் வைக்கும் பெண்ணுக்கு அத்தகைய உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. குடும்ப வழக்கத்திலும் இல்லை. வெளியில் உண்பதையும் பயணம் போவதையும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவோர், இந்தக் கோணத்திலிருந்து ஒருமுறை சிந்திக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019 ஆய்வில் பெண்களுக்கு 299 நிமிடங்கள் என்றிருந்தது. ஐந்து ஆண்டுகளில், மிக்ஸியும் கிரைண்டரும் எரிவாயு அடுப்பும் பரவலான ஒரு நாட்டில், குறைந்தது பத்தே நிமிடங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையே தம் முதன்மையான பணி என்று கூறிய பெண்கள் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவ்வாறு கூறிய ஆண்களோ 58 லட்சத்துக்கும் குறைவு. சாலை விபத்தில் உயிரிழந்த ஒரு தம்பதியின் இழப்பீட்டு வழக்கில், 2021 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், உச்சநீதிமன்றம் இந்த எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டியே இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு கணக்கிடப்பட வேண்டியதன் நியாயத்தை விளக்கியது. 

பொருளியல் இந்த உழைப்பைக் கண்டும் காணாமலும் இருந்து வந்துள்ளது. பணிப்பெண்ணை வீட்டு முதலாளி மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்ற விந்தையை ஆங்கிலேயப் பொருளியலறிஞர் பிகு 1920-இல் வெளிவந்த தம் நூலிலேயே சுட்டிக்காட்டினார். வேலை மாறவில்லை, ஊதியம் நின்றுவிடுகிறது, ஆகவே கணக்கிலிருந்தும் மறைந்துவிடுகிறது. பொருளியலறிஞர் மார்கரெட் ரீட் 1934-இல் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார். ஒரு வேலையைக் கூலி கொடுத்து மூன்றாம் நபரைக்கொண்டு செய்விக்க இயலுமானால், அது உற்பத்தியே. யார் செய்தாலும், ஊதியம் பெறாவிட்டாலும் உற்பத்தியே. உண்பதை நமக்காக வேறொருவர் செய்ய முடியாது. சமைப்பதைச் செய்ய முடியும். எனவே சமையல் ஓர் உற்பத்தித் தொழில். பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2023-இல் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று, இந்தியப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 7.5 சதவீதத்துக்கு இணையானது என்று கூறியது.

நம் மொழியிலும் ஒரு முரண் உண்டு. மிகச் சிறந்த சமையலை நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். இரண்டும் ஆண்களின் பெயர்கள். கல்யாணப் பந்திக்கும் கோயில் மடைப்பள்ளிக்கும் பெரும்பாலும் ஆண்களே சமைக்கின்றனர். ஊதியமும் பெயரும் கிடைக்குமிடத்தில் கரண்டி ஆணின் கையிலும், அவையிரண்டும் இல்லாத இடத்தில் பெண்ணின் கையிலும் இருப்பது தற்செயலன்று.

ஆய்வுகள் நிமிடங்களைத்தான் எண்ணும், சிந்தனையை எண்ணுவதில்லை. நாளைக் காலை இட்லி வேண்டுமானால் இன்று பகலிலேயே அரிசியும் உளுந்தும் ஊறவேண்டும். மாலையில் அரைபட வேண்டும். இரவெல்லாம் புளிக்க வேண்டும். நாளைய சிற்றுண்டி இன்றைய கவலையாகத் தொடங்கிவிடுகிறது. இதற்கிடையே ஒருவருக்குச் சர்க்கரை நோய், மற்றொருவருக்கு இரத்த அழுத்தம், பேரனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, வெள்ளிக்கிழமை வெங்காயம் கூடாது. இத்தனை கட்டுப்பாடுகளுக்குள் நாளுக்கு மூன்று முறை முடிவெடுப்பது சிறிய நிர்வாகப் பணியன்று. வெளியூர்ப் பயணங்களின்போது என் மனைவி அடிக்கடி சொல்வது, ‘இன்றைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்க வேண்டாம்’ என்பதைத்தான். கைக்குக் கிடைக்கும் ஓய்வைவிட மனத்துக்குக் கிடைக்கும் ஓய்வே அவருக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

முதுமையில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. கணவர் அறுபது வயதில் மாலை மரியாதையோடு பணி ஓய்வு பெறுகிறார். அன்றுமுதல் மனைவியின் வேலை கூடுகிறது. அலுவலகத்துக்குக் காலையில் கட்டித் தந்த ஒருவேளைச் சாதம், இப்போது மதியம் சுடச்சுடப் பரிமாறவேண்டிய உணவாகிறது. பதினோரு மணிக்கு ஒரு காபியும் சேர்ந்துகொள்கிறது. என் வயதையொத்த நண்பர்கள் பலரின் வீடுகளில் இதைக் காண்கிறேன். மூட்டுவலியோடு அடுப்பின் முன் நிற்கும் அந்த அம்மையாருக்கு ஓய்வு வயது என்று எவரும் எதையும் வரையறுக்கவில்லை.

நம் மரபில் சமையலுக்கு இடைவேளையே இல்லையா என்று கேட்கலாம். விரத நாள்கள் இருந்தன. கிரகண வேளைகள் இருந்தன. ஆனால், பட்டினி என்று தொடங்கிய விரதம் நாளடைவில் பலகாரம் என்றாகி, சோறு வடிப்பதற்குப் பதிலாக உப்புமாவும் அடையும் செய்யும் நாளாக மாறிவிட்டது. ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரைக்குப் போவது மகிழ்ச்சிதான். அதற்குமுன் விடியற்காலையில் ஐந்து வகைச் சித்திரான்னங்களைக் கிளறி முடிக்க வேண்டும். உண்பவருக்குத் திருநாள், சமைப்பவருக்கு இரட்டிப்பு வேலைநாள் என்பதே பெரும்பாலும் நடைமுறை.

அப்படியானால் வாரத்தில் ஒருவேளை வெளியில் உண்பது கட்டுப்படியாகுமா? ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பம் நடுத்தரமான சைவ உணவகத்தில் தலைக்கு 200 ரூபாய்க்கு மதிய உணவு உண்டால் 800 ரூபாய். 5 சதவீத சரக்கு-சேவை வரியுடன் 840 ரூபாய். அதே உணவை வீட்டில் சமைக்க அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 540 ரூபாய். காய் வாங்குவது முதல் பாத்திரம் துலக்கி மேடையைத் துடைப்பது வரை நான்கு மணி நேரம் மிச்சமாகிறது என்றால், மணிக்கு 135 ரூபாய். வீட்டுச் சாப்பாடு மலிவு என்று நாம் சொல்வதன் பொருள், அந்த மணி நேரங்களுக்குச் சுழியம் விலை போட்டிருக்கிறோம் என்பதே. இந்த 540 ரூபாயை உணவுக்கான வீண்செலவாகக் கருதாமல், நான்கு மணி நேர ஓய்வின் விலையாகக் கருதிப் பார்த்தால் முடிவு வேறாக இருக்கும்.

நம் குடும்பங்கள் வெளி உணவுக்குப் பழகாதவையும் அல்ல. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்தப்பட்ட உணவு ஆகியவற்றுக்கு மாதச் செலவில் நகர்ப்புறத்தில் 11.09 சதவீதமும் ஊரகத்தில் 9.84 சதவீதமும் போகிறது. உணவு வகைகளில் மிகுதியான செலவு இதற்கே. ஆனால், இச்செலவில் பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு எவ்வளவு? பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனி, இரவு உணவைச் சமைக்கும் வேலையைக் குறைப்பதில்லை. கைபேசிச் செயலியில் வரவழைக்கும் உணவும் பாதி ஓய்வுதான். தட்டு எடுத்து வைப்பதும், பரிமாறுவதும், துலக்குவதும், பிளாஸ்டிக் டப்பாக்களை அப்புறப்படுத்துவதும் அவர் பங்கிலேயே இருக்கின்றன. உணவகத்தில் உட்கார்ந்து உண்ணும்போதுதான் அவரும் மற்றவர்களோடு ஒரே நேரத்தில், சூடு ஆறாமல் உண்கிறார். ஏற்கெனவே செலவாகும் பணத்தையே இடம் மாற்றிச் செலவிட்டாலும் பயன் கூடும்.

உடல்நலம் பற்றிய அச்சம் நியாயமானது. எண்ணெயும் உப்பும் வெளி உணவில் மிகுதி. ஒருமுறை காய்ச்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது கேடு என்பதால்தான், சிதைவுப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-இல் விதித்தது. எனவே பூரி, பரோட்டா, பஜ்ஜியைத் தவிர்த்து, ஆவியில் வெந்தவற்றையும் சாதமும் கூட்டும் பொரியலும் கொண்ட சாப்பாட்டையும் தேர்ந்தெடுப்பது நன்று. வாரத்தின் 21 வேளைகளில் ஒன்றோ இரண்டோ வெளியில் அமைவதற்கும், நாள்தோறும் வெளியில் உண்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் மறத்தல் ஆகாது. நான் பரிந்துரைப்பது முன்னதை மட்டுமே.

பயணத்துக்கு வருவோம். வீட்டிலிருந்து விலகுவதே அடுப்படியிலிருந்து முழுமையாக விலகும் வழி. ஆனால், நம் பயணங்கள் பல, அடுப்படியையும் உடன் எடுத்துச் செல்லும் பயணங்கள். புறப்படும் நாளுக்கு முந்திய இரவு புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தயிர்ச் சாதம். சென்ற இடத்தில் சமையலறையோடு கூடிய தங்குமிடம். திரும்பிய அன்றே மூட்டைத் துணியும் இரவுச் சமையலும். கட்டுச்சோறு இனிய மரபுதான். எனினும், அது சமைப்பவர் மனமுவந்து எடுத்துச் செல்வதாக இருக்கட்டும். செலவை மிச்சப்படுத்தும் கட்டாயமாக வேண்டாம். இன்று ரயிலில் இருக்கைக்கே உணவை வரவழைக்கும் வசதியை ஐ.ஆர்.சி.டி.சி. அளிக்கிறது. திரும்பிவரும் நாளின் உணவையும் வெளியில் முடித்துக்கொள்வது என்பதைப் பயணத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியோடு அடுப்பு அணைந்துவிடும். ஆண்டுக்கொருமுறை பத்து நாள் பயணமும் உண்டு. ஓர் ஊருக்குப் போனால் அவ்வூர்ச் சுவையைத் தேடுவோம். சிதம்பரத்தில் கொத்சு, காஞ்சிபுரத்தில் கோயில் இட்லி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, கோவில்பட்டியில் கடலை மிட்டாய் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே சுற்றி முடியாது. அடுத்தவர் கைப்பக்குவத்தைச் சுவைப்பது, சமையல் அறிந்தவருக்குத் தனி இன்பம். ‘இதில் சுக்கு சேர்த்திருக்கிறார்கள்’ என்று என் மனைவி கண்டுபிடிக்கும்போது, ஒரு கலைஞர் மற்றொரு கலைஞரை மதிப்பிடும் நிறைவு அவர் முகத்தில் தெரியும். ஓய்வு சமையலின்மீது வெறுப்பை வளர்ப்பதில்லை, விருப்பத்தைப் புதுப்பிக்கிறது.

இவையெல்லாம் வசதியுள்ளோருக்கான பேச்சு என்ற வாதத்தில் உண்மை உண்டு. அங்குதான் அரசின் பங்கு வருகிறது. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம், ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் வழங்கியபோது, ஏழையின் பசியை மட்டும் தீர்க்கவில்லை; கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணின் ஒருவேளைச் சமையலையும் ஏற்றுக்கொண்டது. சமைத்தவர்களும் சுயஉதவிக் குழுப் பெண்களே. ஆனால், ஊதியம் பெற்றுச் சமைத்தார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி விரிவாக்கப்பட்ட பள்ளிக் காலை உணவுத் திட்டத்துக்கும் இப்பயன் உண்டு. குழந்தைகளின் வருகை, ஊட்டம் ஆகியவற்றோடு, தாய்மார்களுக்கு மிச்சமாகும் காலை நேரத்தையும் கணக்கிட்டால்தான் இத்தகைய திட்டங்களின் முழு மதிப்பு விளங்கும்.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. நம் வீட்டுப் பெண்ணின் ஓய்வு, உணவகத் தொழிலாளியின் ஓய்வைப் பறித்துப் பெறுவதாக இருத்தலாகாது. ஊரைவிட்டு வந்து நீண்ட நேரம் அனலில் நிற்கும் இளைஞர்களுக்குச் சட்டம் அளித்த வார விடுமுறை நடைமுறையில் கிடைப்பதைத் தொழிலாளர் துறை உறுதிசெய்ய வேண்டும். வாரத்தில் ஒருநாள் கதவடைக்கும் உணவகத்தைக் கண்டால் முகம் சுளிக்காமல் அடுத்த கடையை நாடுவது நம்மால் இயன்ற ஆதரவு.

உணவகமே ஒரே வழி என்றும் இல்லை. வெளியில் உண்ண இயலாத வீட்டில் கணவரும் பிள்ளைகளும் ஒருநாள் சமைக்கலாம். ‘உப்பு எங்கே, புளி எங்கே’ என்று அவரைக் கூப்பிடாமல் சமைப்பது அதன் முதல் நிபந்தனை. எவ்வழியாயினும் அந்த நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டதாக, மாறாததாக இருத்தல் வேண்டும். மனம் வந்தபோது அழைத்துச் செல்வது சலுகை. ஒவ்வொரு வாரமும் கேளாமலே கிடைப்பது உரிமை. பஞ்சாலைத் தொழிலாளிக்கு 1890-இல் கிடைத்ததை நம் வீட்டு அடுப்படிக்கு வழங்க அரசாணை எதுவும் தேவையில்லை. வரும் வாரத்தின் ஏழு நாள்களில் எந்த நாள் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.