ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டியும் தோல் புற்றுநோய் மருந்தும்

அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலை மேய்ச்சல் நிலங்களில், 1950களில், செம்மறி ஆடுகள் முக நடுவே ஒற்றைக் கண் கொண்ட குட்டிகளை ஈன்றன. வேளாண் துறை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வெராட்ரம் கலிஃபோர்னிகம் என்ற காட்டுச்செடிதான் அது. சினைப்பட்ட பதினான்காம் நாளையொட்டித் தாய் ஆடு அதை மேய்ந்துவிட்டால், கருவில் முன்மூளை இரு பாதியாகப் பிரிவது நின்றுபோகிறது. செடியிலிருந்து பிரித்தெடுத்த ஆல்கலாய்டுக்குச் சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். பிறகு அது நெடுங்காலம் கால்நடை நச்சுகளுள் ஒன்றாக மட்டுமே அறியப்பட்டது.

1998இல் உயிரியலாளர் பிலிப் பீச்சியின் ஆய்வகம் அதன் செயல்முறையை விளக்கியது. கருவில் உறுப்புகளுக்கு வடிவம் கொடுக்கும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைப் பாதையைச் சைக்ளோபமைன் தடுக்கிறது. வளர்ந்த மனிதரின் தோலில் இந்தப் பாதை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அதை அடக்கி வைப்பது பேட்ச்டு என்ற மரபணு. தோலில் தோன்றும் அடித்தளச் செல் புற்றுநோயில் அந்த மரபணு பழுதாகிவிடுவதை 1996இலேயே கண்டிருந்தார்கள். ஆட்டுக்குட்டியின் முகத்தைக் குலைத்த நஞ்சுக்கும் மனிதத் தோலில் வளரும் கட்டிக்கும் இடையிலான உறவு இப்படித்தான் வெளிப்பட்டது.

சைக்ளோபமைன் நேரடியாக மருந்தாகிவிடவில்லை. அது நீரில் எளிதில் கரையாது, அமிலத்தில் சிதையும். ஆனால் எந்தப் புரதத்தைக் குறிவைக்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்தது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் செயற்கை மூலக்கூறான விஸ்மோடெகிப் 2012 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அறுவைச் சிகிச்சைக்கு எட்டாத அளவு முற்றிய அடித்தளச் செல் புற்றுநோயாளிகளில் 43 விழுக்காட்டினருக்கும், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியோரில் 30 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. தசைப்பிடிப்பு, சுவையிழப்பு, முடியுதிர்வு ஆகியவை பக்க விளைவுகள். கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது. ஐடஹோ ஆடுகளுக்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அதே மாதம் ஒப்புதல் பெற்ற இன்னொரு மருந்தின் கதை வேறு விதமாக முடிந்தது. நம்மூர் அம்மான் பச்சரிசியின் இனத்தைச் சேர்ந்த யூஃபோர்பியா பெப்லஸ் என்ற சிறுசெடியின் பாலை, வெயிலால் தடித்துச் சொரசொரத்த தோலில் தடவும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இருந்தது. நம் கிராமங்களில் மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வைப்பதைப் போன்றதுதான் இதுவும். அந்தப் பாலிலிருந்து கிடைத்த இன்ஜினால் மெபுடேட், புற்றுநோய்க்கு முந்தைய நிலையான ஆக்டினிக் கெரட்டோசிஸுக்குப் பிக்காட்டோ என்ற களிம்பாக வந்தது. முகத்தில் மூன்றே நாள் தடவினால் போதும். தோல் சிவந்து, பொருக்குத் தட்டி, உரிந்து ஆறும். 57ஆம் நாள் பரிசோதித்தபோது 42.2 விழுக்காட்டினரின் முகத்தில் புண்கள் முற்றிலும் மறைந்திருந்தன. வெற்றுக் களிம்பு தடவியோரில் இது 3.7 விழுக்காடுதான்.

ஆனால் ஆக்டினிக் கெரட்டோசிஸுக்குச் சிகிச்சை தருவதே அது பின்னாளில் புற்றுநோயாக மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். 57 நாளில் அதை எப்படி அறிய முடியும்? அதே நோய்க்குத் தரப்படும் இமிகுவிமோட் களிம்போடு ஒப்பிட்டு மூன்று ஆண்டுகள் நடந்த ஆய்வில், பிக்காட்டோ தடவிய பகுதியில் 3.3 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 0.4 விழுக்காட்டினருக்கே. 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை பிக்காட்டோவின் விற்பனையை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. பலனைவிட ஆபத்தே மிகுதி என்பதே அதன் இறுதி முடிவு.

தாவரச் சேர்மங்களைப் பற்றி எழுதும் நம் ஆய்வாளர்கள் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்த்த, மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களைக் கொன்றது என்ற ஒரே தகுதியோடு எத்தனையோ இலைச்சாறுகள் ஆய்விதழ்களில் மருந்து என்ற பெயரைப் பெற்றுவிடுகின்றன. போதிய செறிவில் ஊற்றினால் சாராயமும் அந்தச் செல்களைக் கொல்லும்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். 1987இல் வெளியான கேரள ஆய்வொன்றில், உடலின் வெளிப்புறத்தில் புற்றுப்புண் இருந்த 62 பேருக்கு மஞ்சள் சாறும் குர்குமின் களிம்பும் தடவப்பட்டன. பெரும்பாலோருக்குத் துர்நாற்றமும் அரிப்பும் குறைந்தன. சிலருக்குப் புண்ணின் அளவும் சற்றுக் குறைந்தது. சீழ் வடியும் புண்ணோடு வாழ்பவருக்கு நாற்றம் குறைவதே பெரிய நிம்மதி, அதைச் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் துயர் தணிந்ததைப் புற்று குணமானதாக எண்ணிக்கொண்டது பின்னால் வந்த எழுத்துகள் செய்த பிழை. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, விரைவில் சிதைந்தும் விடுகிறது. 2017இல் வேதியியலாளர்கள் செய்த விரிவான மதிப்பீட்டில், ஒப்பீட்டுக் குழுவோடு முறையாக நடந்த மனிதச் சோதனை எதிலும் குர்குமின் வென்றதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. கருமை நிறத் தோலினருக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ தொடங்குகிறது, வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. பார்வைக்குப் பழைய காயம் போல, ஆணிக்கால் போல இருப்பதால் மாதக்கணக்கில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய் அது. நிணநீர்க் கணுவை எட்டிய பிறகு நிலைமையே வேறு. ஆகவே ஒரு சாறு தோல் புற்றைத் தீர்க்கும் என்று எழுதுபவர் திசுப் பரிசோதனை முடிவையும், ஒப்பீட்டுக் குழுவையும், குறைந்தது மூன்று ஆண்டுத் தொடர் கண்காணிப்பையும் காட்டியாக வேண்டும். அவை இல்லாத கட்டுரையின் தலைப்பில் ‘சிகிச்சை’ என்ற சொல்லை இதழாசிரியர்கள் அனுமதிக்கக் கூடாது.