அக்கரப்பத்தனையும் அதனைச் சூழ்ந்த தோட்டக் குடிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

நகரமொன்றையும் அதனைச் சூழ்ந்த சிறு குடியிருப்புகளையும் பற்றி ஆராய முற்படுவோர் பெரும்பாலும் ஒரு முற்கோளுடனேயே தொடங்குகின்றனர். நகரம் மையம், சுற்றியுள்ளவை அதன் ஓரங்கள் என்பதே அம்முற்கோள். கண்டி, யாழ்ப்பாணம் போன்ற பழைய நகரங்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். அரண்மனை, கோயில், கோட்டை, துறைமுகம் ஆகியவற்றுள் ஏதேனுமொன்று அந்நகரங்களுக்கு மையமாக அமைந்திருந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை ஆகிய நகரங்களை அடுத்துக் காணப்படும் சிறு கடைவீதிகளை நோக்குமிடத்து இம்முற்கோள் தலைகீழாகி விடுகின்றது. இங்கு முதலில் தோன்றியவை தோட்டங்களே. அவற்றில் உழைத்த மக்களை நம்பியே கடைவீதி பின்னர் தோன்றியது. அக்கரப்பத்தனை இதற்கொரு தெளிவான சான்றாகும்.

இடப்பெயரிலிருந்தே தொடங்கலாம். 'பத்தன' என்பது மலைப்புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல். 'அக்கர' என்னும் முற்பகுதி அப்பிரதேசத்தினூடாகப் பாயும் ஆக்ர ஓயாவின் பெயருடன் தொடர்புடையது. கொத்மலை ஓயாவின் தலையாறாகிய இது கீழே சென்று மகாவலியுடன் கலக்கின்றது. தமிழ்ச் செவிக்கு 'அக்கரை' என்னும் சொல் இப்பெயரில் ஒலிப்பது இயல்பே. கடலின் இக்கரைக்கு வந்து சேர்ந்தோர் வாழுமூர் அக்கரையின் பெயரைத் தாங்கி நிற்பதாகக் கொள்வது கவிஞருக்கு உவப்பாயிருக்கலாம். சொல்லாராய்ச்சி அதனை ஏற்காது. ஆயினும் வேறொன்று இங்குக் கருதத்தக்கது. ஊரின் பெயர் சிங்களத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் வந்திருக்க, அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்களோ கிளாஸ்கோ, பெல்மோரல், சென்றிங்ஹாம், வேவர்லி, ஹோல்புரூக், டொரிங்டன், அல்பியன் என்றவாறு அமைந்துள்ளன. ஸ்கொத்லாந்து நகரம், பிரித்தானிய அரச மாளிகைகள், நாவலொன்றின் தலைப்பு முதலியன இம்மலைச் சரிவுகளில் வந்து குடியேறியுள்ளன. டயகம போன்ற சில பெயர்கள் மட்டுமே இதற்கு விலக்கு. நிலத்தை வாங்கியவன் தன் ஊரின் பெயரை இட்டான். நிலத்தைத் திருத்தியவனின் ஊர்ப்பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

நிலம் கைமாறிய முறை நன்கறியப்பட்டதே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரித்தை உறுதிப்பத்திரத்தால் நிறுவ முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கியது. அவை பின்னர் தோட்ட முதலீட்டாளருக்கு விற்கப்பட்டன. கண்டியைச் சூழ்ந்த மாவட்டங்களில் கோப்பி முதலில் பரவிற்று. உயரமும் குளிரும் மிக்க திம்புள்ளைப் பகுதி பின்னரே திறக்கப்பட்டது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட கோப்பி இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களுக்குள் அப்பயிரையே அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பெற்றது. புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தலவாக்கலைப் புகையிரத நிலையத்திலிருந்து லிந்துலையூடாக அக்கரப்பத்தனை நோக்கிச் செல்லும் பாதை, தேயிலைப் பெட்டி கீழே இறங்குவதற்கும் அரிசி மூடை மேலே ஏறுவதற்குமான பாதையாகவே அமைந்தது.

பயிர் மாறியமை சமூகத்தையும் மாற்றியது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருந்தொகையான ஆட்கள் வேண்டப்பட்டனர். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்தவர்களுட் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் மாண்டோரும் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனைப் பறிப்பதற்குப் பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. குடும்பத்துடன் நிலையாகத் தங்கும் தொழிலாளர் படையொன்று முதலாளித்துவத்திற்குத் தேவைப்பட்டது. ஆகவே 'தற்காலிகமாக வந்தோர்' என அரசியல்வாதிகள் பிற்காலத்திற் கூறிய வாதம், தேயிலையின் பொருளாதாரத்தையே மறுப்பதாகும். நிலையான குடியைத் தோட்டமே உருவாக்கிற்று. நிலையான உரிமையைக் கொடுப்பதற்கு மட்டும் யாரும் முன்வரவில்லை.

இக்குடியிருப்புகளின் அமைப்பைச் சற்று உற்றுநோக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டமும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு முதலிய பல பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி லயங்கள், கோயில், பிள்ளைக்காம்பரா, பெரட்டுக்களம் என்பன உண்டு. வரிசையாகவோ முதுகொடு முதுகு பொருந்தியோ அமைந்த லயத்தில் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒரு காம்பராவே ஒரு குடும்பத்தின் வாழ்விடம். தோட்டத்தின் பெயர் ஒன்றாயினும் பிரிவுகளே மக்களின் உண்மையான 'ஊர்கள்'. இன்றும் ஒருவரிடம் ஊரெதுவென வினவினால் தோட்டத்தின் பெயருடன் பிரிவின் பெயரையும் சேர்த்தே விடை கிடைக்கும். தமிழக மாவட்டங்களிலிருந்து பெரியகங்காணியின் கீழ்க் கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகவே இருத்தப்பட்டனர். சாதி வேறுபாடும் கடல் கடந்து உடன்வந்தது. குடியானவர் எனப்பட்டோரும் பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகியோரும் தனித்தனி லயங்களில் இருத்தப்பட்டமை பல தோட்டங்களிற் காணப்பட்டது. ஆனால் பெரட்டுக்களத்தில் அனைவரும் ஒரே வரிசையில் நின்றனர். ஒரே 'பேருக்காக' ஒரே மலையில் ஏறினர். சாதியை வேரறுக்க இது போதவில்லை எனினும், மாரியம்மன் திருவிழாவும் மாசி மாதத்துக் காமன் கூத்தும் பிரிவு முழுவதற்கும் பொதுவான நிகழ்ச்சிகளாவதற்கு இக்கூட்டுழைப்பு வழிசெய்தது எனலாம்.

இவற்றுக்கிடையே கடைவீதி எவ்வாறு தோன்றிற்று? தோட்டத்தின் உள்ளே ஓர் அடி நிலமேனும் துரையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதன்று. அரிசி தோட்டத்தாலேயே வழங்கப்பட்டு அதன் விலை கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. ஏனைய தேவைகளுக்கு இரு தோட்டங்களுக்கிடையே, பொதுப் பாதையின் ஓரத்தில் எஞ்சிய துண்டு நிலங்களிற் கடைகள் முளைத்தன. இந்திய வணிகர், முஸ்லிம்கள், கரையோரச் சிங்களவர் ஆகியோர் மலைநாட்டுக் கடைவீதிகளில் அருகருகே கடை வைத்தனர். பெரியகங்காணிமார் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் கடன்பட்டிருந்தனர். கங்காணியிடம் தொழிலாளி கடன்பட்டிருந்தான். கடைக்காரனிடம் தொழிலாளியின் குடும்பம் பற்றெழுதி வாங்கிற்று. இக்கடன் சங்கிலியின் ஒரு கண்ணியே கடைவீதி. கடனைக் காட்டி ஆளைப் பிணித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கடையின் பற்றுப் புத்தகத்தை ஒழிப்பதற்கு எச்சட்டமும் வரவில்லை. அடிக்கடி கவனிக்கத் தவறும் ஒரு செய்தியை இங்கு இடைமறித்துக் கூறுதல் தகும். கொழுந்து பறித்தவர்களுட் பெரும்பான்மையினர் பெண்கள். ஆயினும் மனைவியின் சம்பளத்தையும் கணவனே பெற்றுச் செல்வது பெருவழக்கு. ஆண், பெண் சமசம்பளம் 1984ஆம் ஆண்டின் போராட்டத்தின் பின்னரே கிட்டியது. சம்பள நாளிற் கடைவீதியில் யார் நின்றனர், யார் லயத்தில் அடுப்பெரித்துக் காத்திருந்தனர் என்னும் வினாவைக் கடைவீதியின் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்கலாகாது.

எனினும் கடைவீதியைச் சுரண்டலின் களமாக மட்டும் காண்பது அரைகுறை நோக்காகும். துரையின் அனுமதியின்றித் தொழிலாளர் கூடி நிற்கக்கூடிய ஒரே வெளி அதுவாகவே இருந்தது. தோட்ட எல்லைக்குள் அயலார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில், கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குட் சென்று நிலைமைகளைக் கண்டறிந்தார் என்பர். அவர் 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடியே மக்களைத் திரட்டினார். தொழிற்சங்கத்தின் குரல் முதலில் ஒலித்தது லயத்திலன்று, கடைத்தெருவிலேயே. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் அமைந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டமை மலையகம் முழுவதையும் உலுக்கிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அவர் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமாவார். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் அத்தேர்தலில் வென்ற எழுவருள் அவரும் ஒருவர்.

அவ்வெழுவரே ஆளும் வர்க்கத்தின் அச்சத்துக்குக் காரணமாயினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் வந்த ஏனைய சட்டங்களும் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. நாடற்றவராயினும் போராட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. அக்கரப்பத்தனைக்கு அண்மையிலுள்ள டயகமத் தோட்டத்தில் 1956இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது ஏப்ரஹாம் சிங்கோ என்னும் சிங்களத் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் தியாகிகள் வரிசையில் ஒரு சிங்களப் பெயர் நிற்பது தற்செயலானதன்று. வர்க்க ஒற்றுமை நூலிற் படித்த கோட்பாடாக இங்கு வரவில்லை; ஒரே தோட்டத்தின் வேலைநிறுத்தத்தில் ஒருங்கே நின்றதால் வந்தது. இனவாத அரசியல் அதனைப் பின்னர் எவ்வளவு தூரம் மறக்கச் செய்தது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். சம்பந்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் எவரும் இவற்றிற் கைச்சாத்திடவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்கள் இரு நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஒரே குடும்பத்தினுள்ளும் பிளவு நேர்ந்தது. புகையிரதத்தை மலையகத்தார் 'கோச்சி' என்பர். தலைமன்னாரை நோக்கிச் சென்ற கோச்சி அந்நாட்களில் அழுகையுடனேயே புறப்பட்டது. அக்கரை சேர்ந்தோருட் பலர் நீலகிரியின் அரச தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையையே சுமந்தனர். இங்கு எஞ்சியோருக்கு 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியதேயன்றி நிலத்தை வழங்கவில்லை. தோட்டக் காணி 7,000 ஏக்கரை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்க எடுத்த முயற்சியை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1983 ஜூலையில் நுவரெலியா நகரத்துத் தமிழ்க் கடைகள் தீக்கிரையாயின. 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியாரிடம் சென்றது. அவ்வேளையில் தோன்றிய பிராந்தியக் கம்பனிகளுள் ஒன்று அக்கரப்பத்தனையின் பெயரையே சூடிக்கொண்டது.

பிரசாவுரிமைப் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பெரிதும் தீர்ந்தது. ஆயினும் நகரத்துக்கும் சூழ்குடிகளுக்கும் இடையே நிலவிய மற்றொரு வேலி பலர் கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டை நகரத்துறை, கிராமத்துறை, தோட்டத்துறை என மூன்றாக வகுக்கின்றது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்குக் குடியிருக்கும் தொழிலாளர் பதின்மருக்குக் குறையாத தொகையும் உடையதே தோட்டம் என்பது அதன் இலக்கணம். ஏனையோரை வாழுமிடத்தைக் கொண்டு வகைப்படுத்தும் அரசு, இம்மக்களை மட்டும் வேலை கொடுப்பவனின் நிலத்தைக் கொண்டு வகைப்படுத்துகின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களின் உட்பகுதியிற் சபை நிதியைச் செலவிட இடமளிக்கவில்லை. கடைவீதியில் விளக்கெரியலாம், அடுத்த வளைவுக்கப்பால் லயத்துக்குச் செல்லும் பாதை சபைக்குரியதன்று. வாக்குரிமை பெற்றவர்கள் தாம் தெரிந்தெடுத்த சபையிடம் ஒரு பாலத்தைக் கேட்டால், அது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பென்றே பதில் வந்தது. 2018இலேயே இத்தடை சட்டத் திருத்தத்தால் நீங்கிற்று.

அதே ஆண்டிலேயே அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபையும் முதன்முறையாகத் தெரிவு செய்யப்பட்டது. அதற்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகளின் எல்லைகளுள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடங்கியிருந்தனர். சில ஆயிரம் பேர் வாழும் நெடுந்தீவுக்கோ ஒரு பிரதேச சபை இருந்து வந்தது. நெடுந்தீவுக்குச் சபை தேவையில்லை என்பதன்று இங்குக் கருத்து. தோட்டத்து மனிதன் எத்தனை பேருக்குச் சமமாக எண்ணப்பட்டான் என்பதே வினா. இரண்டு சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டபோது, கடைவீதியின் பெயர் அதனைச் சூழ்ந்த தோட்டங்கள் அனைத்துக்குமான ஆட்சிப் பிரிவின் பெயராயிற்று. சூழ்ந்திருந்தோரே அதன் வாக்காளருட் பெரும்பான்மையினர்.

தபாலைப் பற்றி ஒரு வார்த்தை. கடைவீதித் தபாலகத்திலிருந்து பையைத் தோளிற் சுமந்து தோட்டக் கந்தோருக்குச் செல்லும் தப்பால்காரனே நெடுங்காலம் லயத்தையும் வெளியுலகையும் இணைத்தவன். கடிதங்கள் முதலிற் கந்தோரிற் பிரிக்கப்பட்டே உரியவரைச் சேர்ந்தன. தொழிற்சங்கக் கடிதமும், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும், கடல்கடந்த உறவினரின் கடிதமும் அவ்வழியே வந்தாக வேண்டும். காலந்தாழ்த்திக் கிடைத்த அழைப்பினால் வேலை இழந்த இளைஞரின் முறைப்பாடுகள் மலையகத்திற் புதியனவல்ல. லயத்துக் காம்பராக்களுட் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. உறையின்மேல் பெயரும், பிரிவும், தோட்டமும், அதன்கீழ் 'அக்கரப்பத்தனை' என்பதும் மட்டுமே எழுதப்பட்டிருக்கும்.